கிரெப் வைத்துத் தமிழ்க் கோப்புகளில் தேடுவது எப்படி

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் திரையில் உட்கார்ந்து உரைக் கோப்புகளுக்குள் ஒரு சொல்லையோ ஒரு வடிவத்தையோ தேட கிரெப் என்ற கட்டளை போதும், வேறெதுவும் வேண்டாம். ஆனால் கிரெப் பாடம் என்று தேடினால் வருவதெல்லாம் ஆங்கிலக் கோப்பை வைத்து எழுதியதுதான். முதல் பாடமே பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காமல் தேடும் '-ஐ' என்ற விருப்பத்தைப் பற்றி இருக்கும், நமக்கு அப்படி ஒரு வேறுபாடே இல்லை. நமக்கு வரும் சிக்கல் வேறு. கண்ணுக்கு நேராகத் தெரியும் சொல்லைக் கிரெப் 'இல்லை' என்று சொல்லும், இல்லாத இடத்தில் இருக்கிறது என்று கொண்டுவந்து காட்டும். ஏன் அப்படி என்று ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் தமிழில் தேடுவது ரொம்பச் சுகமான வேலை. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஏற்பாடு. கட்டளைகளை இங்கே வாயால் சொல்கிற மாதிரித் தமிழிலேயே எழுதுகிறேன், நீங்கள் டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். கிரெப் என்றால் ஜி, ஆர், இ, பி. -சி, -ஓ, -என் என்று இருந்தால் ஹைஃபனும் அந்தச் சின்ன ஆங்கில எழுத்தும். பெரிய எழுத்தாக அடிக்க வேண்டியதை -பெரியஇ என்று ஒட்டி எழுதியிருக்கிறேன். மேற்கோள் குறிக்குள் இருக்கும் தமிழை மட்டும் அப்படியே தமிழில் அடிக்க வேண்டும். கோப்பின் பெயரையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம், லினக்ஸுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை, பின்னால் புள்ளி வைத்து வால் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொள்ளுங்கள், ஆண்ட்ராய்ட் போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலி இருந்தாலே போதும்.

பழகுவதற்குத் திருக்குறளை எடுத்துக்கொள்வோம். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியதிலிருந்து பழந்தமிழ் நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலம் மட்டும், உரை இல்லாமல், ஒரு குறளுக்கு இரண்டு வரி என்று 'குறள்' என்ற பெயரில் ஒரு கோப்பு செய்துகொள்ளுங்கள். அதிகாரத் தலைப்புகளையும் எண்களையும் எடுத்துவிடுங்கள். சரியாகச் செய்திருக்கிறீர்களா என்று கிரெப்பையே கேட்கலாம்.

கிரெப் -சி '.' குறள்

-சி என்றால் எத்தனை வரி என்று எண்ணிச் சொல். ஒற்றைப் புள்ளி என்றால் ஏதோ ஒரு குறியாவது இருக்கும் வரி. 1330 குறள், ஆளுக்கு இரண்டு வரி, ஆக 2660 வர வேண்டும். குறைந்தால் எங்கோ வரி ஒட்டிக்கொண்டிருக்கிறது, கூடினால் தலைப்பு ஏதோ மிச்சம் இருக்கிறது. அடுத்து இது:

கிரெப் -சி '\.$' குறள்

டாலர் குறி வரியின் முடிவைக் காட்டும், பின்சாய்வு போட்ட புள்ளி நிஜமான முற்றுப்புள்ளி. உங்கள் பதிப்பில் ஒவ்வொரு குறளும் முற்றுப்புள்ளியில் முடிகிறது என்றால் 1330 வர வேண்டும். 0 என்று வந்தால் பயப்படாதீர்கள், கோப்பு விண்டோஸில் சேமிக்கப்பட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை விண்டோஸ் வைக்கும், முற்றுப்புள்ளிக்கும் வரி முடிவுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கும். டாஸ்2யுனிக்ஸ் என்ற சின்ன நிரலை அந்தக் கோப்பின் மேல் ஒரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும். இனி எந்தக் கோப்பு கைக்கு வந்தாலும் இதை முதலில் செய்துவிடுங்கள், பிறகு தலைவலி இருக்காது.

சரி, தேடலுக்கு வருவோம். குறளில் தமிழ் என்ற சொல்லே இல்லை என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

கிரெப் -சி 'தமிழ்' குறள்

0. ஒரு நொடிக்குள் விடை. துப்பாக்கி என்று தேடிப் பாருங்கள், ஒரு வரி வரும். அது உண்பவருக்கு நல்ல உணவை உண்டாக்கி என்ற பொருளில் வான்சிறப்பில் இருக்கும் 12-ஆம் குறள்.

-என் போட்டால் வரி எண்ணும் சேர்ந்து வரும். ஆனால் ஒரு வரி மட்டும் வந்தால் குறள் பாதியில் நிற்கும், அதனால் -பெரியசி 1 என்று சேர்த்துக்கொண்டால் மேலும் கீழும் ஒவ்வொரு வரி கூட வரும். மேலே மட்டும் வேண்டுமென்றால் -பெரியபி, கீழே மட்டும் வேண்டுமென்றால் -பெரியஏ. தேடும் வடிவத்தை எப்போதும் ஒற்றை மேற்கோள் குறிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் நட்சத்திரத்தையும் டாலரையும் ஷெல், அதாவது நீங்கள் அடிக்கும் கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல், தனக்கு என்று எடுத்துக்கொண்டுவிடும்.

இப்போது முக்கியமான இடம். இதை அடித்துப் பாருங்கள்:

எக்கோ குறள் | கிரெப் -ஓ '.'

எக்கோ தன் பின்னால் வரும் சொல்லை அப்படியே வெளியிடும், நடுவில் இருக்கும் நெடுங்கோடு அதைக் கிரெப்பிடம் கொடுக்கும். -ஓ என்றால் வரி முழுவதையும் காட்டாதே, மாட்டிய துண்டை மட்டும் காட்டு. புள்ளி என்றால் ஏதாவது ஒரு குறி. நமக்குக் குறள் மூன்றெழுத்து: கு, ற, ள். கிரெப் ஐந்து வரி காட்டும்: க, ு, ற, ள, ். யூனிகோடில் தமிழ் சேமிக்கப்படுவது இப்படித்தான். மெய்யெழுத்துக்குப் புள்ளி தனிக் குறி, உயிர்மெய்க்குக் காலும் கொம்பும் சுழியும் தனிக் குறி, அகரம் ஏறிய க மட்டும் எதுவும் ஒட்டாமல் நிற்கும். கிரெப்புக்கு எழுத்து தெரியாது, குறிதான் தெரியும். நெடுங்கணக்கில் நாம் படித்த 247 எழுத்து என்ற கணக்கை அது அறியாது.

(ஐந்துக்குப் பதில் பதினைந்து உடைந்த துண்டுகள் வந்தால் உங்கள் டெர்மினலின் மொழி அமைப்பு யுடிஎஃப்-8 ஆக இல்லை. ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், ஐந்து குறிக்குப் பதினைந்து. லேங் என்ற சூழல் மாறியை யுடிஎஃப்-8 உள்ள ஒன்றாக மாற்றிவிட்டு மேலே படியுங்கள்.)

இதன் விளைவை 350-ஆம் குறளில் கண்ணெதிரே பார்க்கலாம்.

பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப்
பற்றுக பற்று விடற்கு.

இந்த இரண்டு வரியை மட்டும் 'பற்று' என்ற கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். இதில் பற்று எத்தனை முறை வருகிறது? -சி போட்டால் 2 என்று வரும், ஏனென்றால் -சி எண்ணுவது வரிகளை, சொற்களை இல்லை. இந்த இடத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். எத்தனை முறை என்று தெரிய வேண்டுமானால் துண்டுகளைத் தனித்தனி வரியாக்கி, பிறகு எண்ண வேண்டும்:

கிரெப் -ஓ 'பற்று' பற்று | டபிள்யூசி -எல்

3 வரும். பற்றுக இரண்டு, பற்று ஒன்று. ஆனால் பற்றினை, அப்பற்றை, பற்றற்றான் எல்லாமும் பற்றுதானே? அவை ஏன் வரவில்லை என்றால் அங்கே றகரத்துக்குப் பின் உகரம் இல்லை, இகரமும் ஐகாரமும் அகரமும் இருக்கின்றன. இப்போது உகரத்தைக் கழற்றிவிட்டு 'பற்ற' என்று தேடுங்கள். 6 வரும், ஆறும் சரி. ப, ற, புள்ளி, ற என்ற நான்கு குறி வரிசையாக இருந்தால் போதும், அதற்குப் பிறகு எந்த உயிர்க்குறி ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் கிரெப்புக்குக் கவலையில்லை.

கடைசி உயிரை எடுத்துவிட்டுத் தேடுங்கள், வேற்றுமை உருபு ஏறிய வடிவங்கள் எல்லாம் தானாக வந்து விழும். தமிழில் தேடுவதற்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. செல்வம் என்று தேடாதீர்கள், 'செல்வ' என்று தேடுங்கள். செல்வத்துள், செல்வஞ், அச்செல்வம் எல்லாம் வரும். எந்தெந்த வடிவம் எத்தனை முறை என்று பட்டியல் வேண்டுமானால்:

கிரெப் -ஓ '[^ ]*செல்வ[^ ]*' குறள் | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர்

சதுர அடைப்புக்குள் தொப்பிக்குறியும் ஓர் இடைவெளியும் இருந்தால் இடைவெளி அல்லாத எதுவும் என்று பொருள், நட்சத்திரம் அது எத்தனை வேண்டுமானாலும். ஆக செல்வ என்பதற்கு முன்னும் பின்னும் சொல் முடியும்வரை அள்ளிக்கொண்டு வரும். பிறகு சார்ட் அவற்றை வரிசைப்படுத்தும், யூனிக் -சி ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எண்ணும், கடைசி சார்ட் அதிகம் வருவதை மேலே வைக்கும். ஒரு நூலுக்குச் சொல்லடைவு செய்ய நினைப்பவர்களுக்கு இந்த ஒரு வரி பல நாள் வேலையை மிச்சம் பிடிக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அறம் வரும் இடங்களையெல்லாம் பிடிக்கலாம் என்று 'அற' போட்டால் அறிவு, அறிவார், அறிந்து என்று கொட்டும், அங்கேயும் அ, ற இருக்கின்றனவே. 'அற[^ி]' என்று போட்டால் இகரம் தொடராதவை மட்டும் வரும். அல்லது நேராக 'அற[மனத]' என்று போட்டு அறம், அறன், அறத்தான் மூன்று வகையையும் பிடிக்கலாம். சதுர அடைப்புக்குள் தனியாக நிற்கும் ி முன்னால் ஒரு புள்ளிவட்டத்தோடு விகாரமாகத் தெரியலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம், கட்டளை சரியாகவே ஓடும்.

சதுர அடைப்புக்குள் [காகி] என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கா அல்லது கி என்று நினைத்துப் போடுவோம், கிரெப் அதை க அல்லது ா அல்லது ி என்று எடுத்துக்கொள்ளும். முழு உயிர்மெய்களில் ஒன்றைத் தேட -பெரியஇ கொடுத்து வட்ட அடைப்பும் நெடுங்கோடும் போடுங்கள்: '(கா|கி)'. ஆனால் மெய் மட்டும் மாறி உயிர் அப்படியே இருக்கும் சொற்களுக்குச் சதுர அடைப்பு அழகாக உதவும். கருப்பு, கறுப்பு இரண்டையும் பிடிக்க 'க[ரற]ுப்பு'. கோயில், கோவில் இரண்டுக்கும் 'கோ[யவ]ில்'. அடைப்பு முடிந்த பிறகு உயிர்க்குறி வந்து ஒட்டுவதைப் பாருங்கள், பார்க்கக் கோணலாக இருந்தாலும் வேலை கச்சிதம். ஒரே நூலுக்குள் இரண்டு எழுத்துக்கூட்டலும் கலந்து கிடக்கிறதா என்று பார்க்க நான் தினமும் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

சந்தி சேர்ந்த சொல்லை மட்டும் கிரெப்பால் பிரிக்க முடியாது. அறம் என்று தேடினால் இல்லறம் வராது, ஏனென்றால் அங்கே அகரம் லகரத்துக்குள் கரைந்துவிட்டது. 'றம்' என்று தேடினால் இல்லறம் வரும், கூடவே புறமும் நிறமும் வரும். மேலும் ஒரே குறளைப் பதிப்பாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிப் பிரித்திருப்பார்கள், 'செல்வத்து ளெல்லாந்' என்று ஒருவர், 'செல்வத்துள் எல்லாம்' என்று இன்னொருவர். எனவே இந்தச் சொல் இந்த நூலில் இத்தனை முறை என்று எண் சொல்வதற்கு முன்னால் எந்தப் பதிப்பு, எந்த வடிவத்தைத் தேடினோம் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

முழுச்சொல்லை மட்டும் தேட -டபிள்யூ உண்டு என்று பாடங்களில் இருக்கும். தமிழுக்கு அதை நம்பாதீர்கள். எது சொல்லின் உறுப்பு, எது இல்லை என்பதை ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்கிறது. மெய்ப்புள்ளியை எழுத்தாகவே கருதாத பதிப்புகளில் கண என்று தேடினால் கண் என்பதும் முழுச்சொல்லாக மாட்டும். இடைவெளியை நாமே எழுதிவிடுவது பாதுகாப்பு:

கிரெப் -பெரியஇ '(^|[ ,.])கண்([ ,.;?!]|$)' குறள்

அடுத்தது எனக்கு நேர்ந்தது. பழைய சிற்றிதழ்த் தொகுப்பு ஒன்றுக்கு ஊர்ப்பெயர் அடைவு செய்துகொண்டிருந்தேன். கொழும்பு என்று தேடி வந்ததையெல்லாம் எண்ணி எழுதி அனுப்பியும் விட்டேன். பிறகு வேறு ஏதோ தேடும்போது ஒரு கட்டுரையில் கொழும்பு கண்ணில் பட்டது, அடைவில் அது இல்லை. திரும்பப் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் தப்பியிருந்தது. காரணம் கொ. யூனிகோடில் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் வைக்கலாம், முன்னால் ஒரு கொம்பு பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. பழைய எழுத்துரு மாற்றிகள் வழியாக வந்த கோப்புகளில் இரண்டாவது வகை நிறைய. உங்கள் கோப்பில் (பெயர் 'கட்டுரை' என்று வைத்துக்கொள்வோம்) அது இருக்கிறதா என்று இப்படிக் கண்டுபிடிக்கலாம்:

கிரெப் -சி '[ெே][ா]' கட்டுரை

காலைத் தனி அடைப்புக்குள் வைத்தால் அது கொம்போடு ஒட்டாது, பிரிந்து கிடப்பவை மட்டும் மாட்டும். 0 வந்தால் நிம்மதி. வராவிட்டால் ஐசியு தொகுப்போடு வரும் யூகான்வ் என்ற நிரலால் நேர்செய்யுங்கள்:

யூகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி கட்டுரை > கட்டுரை-திருந்தியது

வெளியீட்டை வேறு பெயரில்தான் எழுத வேண்டும். அதே பெயரைக் கொடுத்தால் படிக்கத் தொடங்குமுன்பே ஷெல் அந்தக் கோப்பைத் துடைத்துவிடும், கிரெப்புக்கும் இதே எச்சரிக்கைதான்.

யூகான்வ் திருத்தாத இரட்டைகளும் உண்டு. ஔகாரத்துக்குப் பதில் கொம்பும் ளகரமும் அடித்து மெளனம், கெளரவம், பெளர்ணமி என்று எழுதியிருப்பார்கள். பிடிக்க:

கிரெப் -என் 'ெள[^்ிு]' கட்டுரை

வெள்ளை, தெளிவு, வெளுப்பு போன்ற நியாயமான சொற்களை ஒதுக்கத்தான் அடைப்புக்குள் அந்த மூன்று குறிகள். ஸ்ரீ என்பதற்கும் இரண்டு குறியீடு உண்டு. ஸகரத்தில் தொடங்கும் ஒன்று, ஶகரத்தில் தொடங்கும் ஒன்று. ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ தேடினால் '[ஸஶ்]ரீ' என்று போடாமல் '[ஸஶ]்ரீ' என்று போடுங்கள், புள்ளி அடைப்புக்கு வெளியே.

கோப்பில் தமிழ் நன்றாகத் தெரிகிறது, கிரெப் மட்டும் ஒன்றையும் காட்டவில்லை அல்லது பைனரி கோப்பு என்கிறது என்றால் அது யூனிகோடே இல்லாமல் இருக்கலாம். டிஸ்கி, பாமினி காலத்துக் கோப்புகள் இன்னும் எத்தனையோ பேரிடம் இருக்கின்றன. பாமினியில் தமிழ் என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கும், எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் மாட்டுகிறது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள். யுடிஎஃப்-16 ஆகச் சேமித்த பழைய நோட்பேட் கோப்பு என்றால் ஐகான்வ் என்ற நிரல் ஒரே வரியில் மாற்றித்தரும்.

இனி மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு. அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். விட்டுப்போன இடங்கள் எல்லாம் ஒரே வரியில்:

கிரெப் -என் -பெரியஇ '(அந்த|இந்த|எந்த) [கசதப]' கட்டுரை

ஒற்று சரியாகப் போட்ட இடத்தில் 'அந்தப் ' என்று இருக்கும், இடைவெளிக்கு முன் ப் நிற்பதால் அது மாட்டாது. விடுபட்டது மட்டுமே வரும். இரண்டாம் வேற்றுமைக்கும் செய்யலாம், கொஞ்சம் களைய வேண்டியிருக்கும்:

கிரெப் -ஓ '[^ ]*ை [கசதப][^ ]*' கட்டுரை | கிரெப் -வி 'இல்லை '

-வி என்றால் இது உள்ள வரிகளை விட்டுவிடு. முதல் கிரெப்பில் -ஓ இல்லாமல் இதைச் செய்தால் ஆபத்து. பத்தி முழுவதும் ஒரே வரியாக இருக்கும் கோப்பில் எங்கோ ஓர் 'இல்லை' இருப்பதற்காக முழுப் பத்தியையும் -வி தூக்கி எறிந்துவிடும், அதற்குள் இருக்கும் உண்மைப் பிழைகளும் சேர்ந்து போய்விடும். -ஓ போட்டால் 'புத்தகத்தை படித்தான்' என்று இரண்டிரண்டு சொல்லாக வரும், அதில் களைவது சுலபம். எழுவாயாக நிற்கும் யானை, மலை எல்லாமும் வரும்தான், அவற்றைக் கண்ணால் தள்ளிவிட வேண்டியதுதான்.

தட்டச்சில் ஒரு சொல்லை இரண்டு முறை அடித்துவிட்டோமா என்று பார்க்க:

கிரெப் -என் -பெரியஇ '(^| )([^ ]+) \2( |$)' கட்டுரை

\2 என்றால் இரண்டாவது வட்ட அடைப்பில் மாட்டியதே திரும்ப வர வேண்டும் என்று பொருள். மெல்ல மெல்ல, வேறு வேறு என்று நம் அடுக்குத்தொடர்களும் வரும், அவற்றைத் தொடாதீர்கள்.

இதெல்லாம் கிரெப்பை வலிந்து இலக்கிய வேலைக்கு இழுப்பதாகத் தோன்றினால், அது பிறந்ததே அப்படித்தான். பெல் ஆய்வகத்தில் லீ மக்மேகன் என்பவர் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட 85 ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எதை யார் எழுதினார்கள் என்று சொற்களை வைத்து ஆராய விரும்பினார், அப்போதிருந்த ஈடி என்ற எடிட்டருக்குள் அவ்வளவு பெரிய உரை அடங்கவில்லை, யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் ஈடியின் தேடும் பகுதியை மட்டும் தனி நிரலாகப் பிரித்துக் கொடுத்தார் என்று பிரையன் கெர்னிகன் சொல்லியிருக்கிறார். ஈடியில் எங்கும் தேடு, வடிவம், அச்சிடு என்பதற்கான கட்டளை ஜி/ஆர்இ/பி. பெயரும் அங்கிருந்துதான். 1973 நவம்பரில் வந்த நான்காம் பதிப்பு யுனிக்ஸ் கையேட்டில் கிரெப் இருக்கிறது.

ஒரு கோப்புறை முழுக்கத் தேட -ஆர், பொருந்தும் கோப்புகளின் பெயர் மட்டும் போதுமென்றால் -எல், சிறப்புக் குறிகள் வேண்டாம் அப்படியே தேடு என்றால் -பெரியஎஃப், தேட வேண்டிய சொற்கள் நூறு இருந்தால் வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி -எஃப் கொடுத்து அந்தக் கோப்பின் பெயர். கடைசியாகச் சொன்ன இரண்டையும் சேர்த்துத்தான் இப்போது ஊர்ப்பெயர் அடைவுகளைச் செய்கிறேன்:

கிரெப் -ஆர்என் -பெரியஎஃப் -எஃப் ஊர்கள் இதழ்கள்/ > விடை

'ஊர்கள்' கோப்பில் காலி வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது, இருந்தால் எல்லா வரியும் மாட்டும். விடையைக் கோப்பில் எழுதச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பல டெர்மினல்களில் தமிழ் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக உடைந்து தெரியும், அதைப் பார்த்துத் தேடல் தப்பு என்று நினைத்துவிடுவோம். 'விடை' கோப்பை ஒரு நல்ல எடிட்டரில் திறந்து பாருங்கள், எழுத்து ஒழுங்காக இருக்கும்.